தனி ஆளாக மோட்டார் படகு: எது தவறினால் எங்கே பார்ப்பது

இரண்டு பேர் போகும் படகில் ஒருவர் கைப்பிடியைப் பிடித்துக்கொள்வார், இன்னொருவர் முன்னால் உட்கார்ந்து கயிற்றைப் பார்த்துக்கொள்வார். அவர் சும்மா உட்கார்ந்திருப்பதாகத்தான் தோன்றும். அவர் வராத நாளில் அதே படகு, அதே இன்ஜின், அதே தண்ணீர், ஆனால் எதுவும் சரியாக வராது. உடனே இன்ஜின் மேல் சந்தேகம் வரும். பெரும்பாலும் கோளாறு இன்ஜினில் இருக்காது. எடை முழுக்கப் பின்னால் போய்விட்டது, தேவையான கயிறு கைக்கு எட்டாத இடத்தில் கிடக்கிறது. இந்த இரண்டையும் முதலில் பாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

இங்கே சொல்வது 10 முதல் 16 அடி வரை நீளமுள்ள, பின்பலகையில் அவுட்போர்டு மோட்டார் மாட்டிய படகுகளுக்கு. கைப்பிடியால் திருப்புவது, ஸ்டீயரிங் வைத்தது, இரண்டுக்கும் பொருந்தும். வேறுபடும் இடத்தில் சொல்லிவிடுகிறேன். அணியம் என்றால் படகின் மூக்கு, விசிறி என்றால் புரொப்பல்லர்.

கில் கார்டைப் பற்றி எந்த அறிகுறியும் வருவதற்கு முன்பே சொல்ல வேண்டும். இன்ஜினை நிறுத்தும் அந்தச் சுருள் கயிறு, இன்ஜின் ஓடும் நேரமெல்லாம் உங்கள் தொடையிலோ உயிர்காப்புச் சட்டையிலோ மாட்டியிருக்க வேண்டும். தனியாகப் போகிறவர் தண்ணீரில் விழுந்தால் இன்ஜினை அணைக்கப் படகில் ஆள் கிடையாது. பிடி விட்ட மோட்டார் தானே ஒரு பக்கம் திரும்பிக்கொள்ளும், படகு இறுக்கமான வட்டம் போட்டு விழுந்தவர் மேலேயே திரும்ப வரும். மணிக்கட்டில் மாட்டுவதைவிடத் தொடையில் மாட்டுவது நல்லது. கை எதிலாவது சிக்கும்போது கயிறு பிடுங்கிக்கொள்வது குறையும்.

அணியம் மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது, முன்னால் எதுவும் தெரியவில்லை

காரணம் நீங்கள்தான். உங்கள் எடை, மோட்டார், பெட்ரோல் டேங்க், பேட்டரி எல்லாம் கடைசி ஒரு மீட்டருக்குள் குவிந்திருக்கின்றன. த்ராட்டிலைக் கூட்டினால் பின்பக்கம் இன்னும் அமுங்கும், படகு தண்ணீர் மேல் எழும்பி வழுக்கிக்கொண்டு ஓடாமல் தண்ணீரை உழுதுகொண்டே போகும். இன்ஜினுக்குச் சக்தி போதவில்லை என்று நினைத்துப் பெரிய மோட்டார் வாங்குகிறவர்கள் உண்டு. அது இன்னும் கனமாக இருக்கும், நிலைமை மோசமாகும்.

முதலில் டேங்க்கை முன்னால் நகர்த்துங்கள். 25 லிட்டர் டேங்க் நிறைந்திருந்தால் பெட்ரோல் மட்டுமே 18 கிலோவுக்கு மேல் வரும். அதற்கேற்ற நீளமான எரிபொருள் குழாய் வேண்டும், அது எங்கும் மடங்காமல் மிதிபடாமல் போக வேண்டும். நங்கூரமும் முன்னாலேயே இருக்கட்டும். இன்னும் போதவில்லையா, 20 லிட்டர் தண்ணீர்க் கேன் ஒன்றை அணியத்தில் நகராமல் கட்டிவையுங்கள். மணல் மூட்டை, இரும்புத் துண்டு வேண்டாம். படகில் தண்ணீர் புகுந்தால் தண்ணீர்க் கேன் படகை மூழ்கடிக்காது, இரும்பு மூழ்கடிக்கும்.

அடுத்தது, நீங்களே முன்னால் நகர்வது. கைப்பிடிக்கு நீட்டிப்புக் குழாய் ஒன்று மாட்டினால் நடு இருக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டலாம். தனியாக ஓட்டுகிறவர் வாங்கும் பொருள்களில் இதற்கு நிகரான பலன் தருவது வேறில்லை என்பது என் எண்ணம். ஆனால் கில் கார்டு அந்தத் தூரத்துக்கு எட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் செய்தும் தூக்கினால் மோட்டாரின் சாய்வைப் பாருங்கள். விசிறி பின்பலகையை ஒட்டி உள்ளே வந்தால் அணியம் இறங்கும், வெளியே போனால் எழும். சிறிய மோட்டார்களில் தாங்கிச் சட்டத்தில் ஒரு பின் இருக்கும், அதை ஒரு துளை உள்ளே மாற்றினால் போதும். வேகம் எடுத்த பிறகு அணியம் மேலும் கீழுமாகத் துள்ளிக்கொண்டே இருந்தால் அதுவும் பெரும்பாலும் இதே சாய்வுக் கோளாறுதான். உள்ளே கொண்டுவாருங்கள் அல்லது வேகத்தைக் குறையுங்கள்.

காற்றடைத்த ரப்பர் படகில் இது வெறும் தொந்தரவு இல்லை, ஆபத்து. பலமான எதிர்க்காற்றில் முன்பக்கம் காலியாக, வேகமாகப் போனால், தூக்கிய அணியத்துக்கு அடியில் காற்று புகுந்து படகைப் பின்பக்கமாகக் கவிழ்க்க முடியும்.

ஒரு பக்கம் சாய்ந்தே ஓடுகிறது, கையை விட்டால் திரும்பிவிடுகிறது

சாய்வுக்குக் காரணம் நீங்கள் உட்காரும் பக்கம். டேங்க்கையும் பையையும் எதிர்ப் பக்கம் வையுங்கள், தீர்ந்தது.

கையை விட்டதும் திரும்புவது வேறு விஷயம். சுழலும் விசிறி மோட்டாரை ஒரு பக்கம் தள்ளும், அது இயல்பு. விசிறிக்கு மேலுள்ள தட்டையான தகட்டின் அடியில் சின்னத் துடுப்பு மாதிரி ஒன்று இருந்தால், படகு எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கமாக அதன் வால் நுனியைக் கொஞ்சம் திருப்பி இறுக்குங்கள். பெரும்பாலான சிறு மோட்டார்களில் திருப்பும் இறுக்கத்தைக் கூட்டக் குறைக்க ஒரு திருகும் இருக்கும். ஒரு நொடி கை எடுத்தால் மோட்டார் நகராத அளவுக்கு அதை இறுக்கலாம். அதற்கு மேல் வேண்டாம், அவசரத்தில் திருப்ப முடியாமல் போகும்.

வேகத்தைக் குறைத்ததும் காற்று அணியத்தைத் தள்ளிக்கொண்டு போகிறது

தனியாகப் பழகுகிறவர்களை அதிகம் கலங்கடிப்பது இதுதான். கொஞ்சம் விளக்கமாகவே பார்ப்போம்.

அவுட்போர்டு படகில் தனியாகச் சுக்கான் கிடையாது. விசிறி தள்ளும் திசைதான் சுக்கான். நியூட்ரலில் போட்டதும் திருப்பும் சக்தி ஏறக்குறைய போய்விடும். அதே நேரத்தில் முன்பக்கம் லேசாக, தண்ணீரில் ஆழம் குறைவாக, காற்றுக்கு நெஞ்சைக் காட்டிக்கொண்டு இருக்கிறது. பின்பக்கம் மோட்டாரும் நீங்களுமாக ஆழமாக அமுங்கியிருக்கிறது. காற்று எதைத் தள்ளும்? அணியத்தைத்தான். முன்னால் ஆள் இல்லாததால் இன்னும் வேகமாகத் தள்ளும்.

எடையை முன்னால் கொண்டுபோனால் பாதி சரியாகும். மீதிப் பாதி கையின் பழக்கம். மெதுவாகப் போகும்போது முதலில் மோட்டாரைத் திருப்புங்கள், பிறகு கியரைப் போடுங்கள். பலர் கியரைப் போட்டுவிட்டுத் திருப்பத் தொடங்குவார்கள். அதற்குள் படகு நேராக இரண்டு மீட்டர் ஓடியிருக்கும். முழுக்கத் திருப்பி வைத்து, குறைந்த த்ராட்டிலில் கியர் போட்டு, ஓரிரு நொடியில் நியூட்ரல். படகு வேகம் எடுக்காமல் இருந்த இடத்திலேயே மூக்கைத் திருப்பும். போதவில்லையென்றால் இன்னொரு முறை அதே மாதிரி. த்ராட்டிலைக் கூட்டிக்கொண்டே போவதைவிட இப்படி விட்டு விட்டுத் தள்ளுவதில்தான் கட்டுப்பாடு இருக்கிறது. கியர் மாற்றும்போது இன்ஜின் ஐடிலில் இருக்கட்டும், லிவரைத் தயங்காமல் ஒரே அசைவில் தள்ளுங்கள். மெல்ல மெல்ல நகர்த்தினால் பற்கள் உரசித் தேயும்.

திரும்பும்போது பின்பக்கம்தான் வெளியே வீசும். முன்னோக்கி ஓடும் படகு சுழலும் மையம் அணியத்திலிருந்து சுமார் மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் இருக்கும். அதனால் அணியம் ஒரு கட்டையைத் தாண்டிவிட்டது என்று திருப்பினால் பின்பக்கம் அதில் போய் இடிக்கும். காரை ரிவர்ஸில் ஓட்டும்போது மூக்கு எப்படி வெளியே வீசுமோ, இங்கே முன்னோக்கிப் போகும்போதே வால் அப்படி வீசும்.

ஒரே இடத்தில் நின்று காத்திருக்க வேண்டியிருந்தால் அணியத்தைக் காற்றுக்கு எதிரே பிடித்து நிறுத்தப் போராட வேண்டாம். பின்பக்கத்தைக் காற்றுக்குக் காட்டி, மிக மெதுவாக ரிவர்ஸைத் தொட்டுத் தொட்டு விடுங்கள். லேசான அணியம் காற்று போகும் பக்கமே நேராக நீட்டிக்கொண்டு நிற்கும், படகு அமைதியாகிவிடும். அலை அடிக்கும் இடத்தில் மட்டும் இது கூடாது, பின்பலகை தாழ்வானது.

படகைத் துறையோடு சேர்த்து அணைக்க முடியவில்லை: இடிக்கிறது, அல்லது கட்டுவதற்குள் விலகிவிடுகிறது

துறையை நெருங்கிய பிறகு கயிறு தேடுவதுதான் பெரும்பாலும் காரணம். தூரத்திலேயே நியூட்ரலில் நின்று எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள். ஃபெண்டர்கள், அதாவது இடியைத் தாங்கும் மெத்தைகள், வெளியே தொங்கட்டும். படகின் நடுவிலுள்ள கிளீட்டில் (கயிறு கட்டும் கொம்பு) ஒரு கயிற்றைக் கட்டி, எதன் அடியிலும் சிக்காமல் வெளிப்பக்கமாகக் கொண்டுவந்து, மறுமுனையை உங்கள் கைக்குப் பக்கத்தில் வையுங்கள். நடுவில் கிளீட் இல்லாத படகு என்றால் நடு இருக்கையின் உறுதியான சட்டத்தில் கட்டலாம். கயிறு தவறித் தண்ணீரில் விழுந்தாலும் விசிறி வரை எட்டாத நீளத்தில் இருக்க வேண்டும்.

நின்றபடியே படகு எந்தப் பக்கம் மிதந்து போகிறது என்று பாருங்கள். காற்றா நீரோட்டமா, எது பலமானது என்று அது சொல்லிவிடும். பலமானதை எதிர்கொண்டு துறையை நெருங்குங்கள். கோணம் 20 முதல் 30 டிகிரி. காற்று துறையிலிருந்து உங்களை வெளியே தள்ளினால் கோணத்தைக் கூட்டுங்கள், துறையை நோக்கித் தள்ளினால் துறைக்கு இணையாகக் கொஞ்ச தூரத்தில் நின்றால் போதும், காற்றே கொண்டுபோய்ச் சேர்க்கும்.

ஒரு படகு நீளம் இருக்கும்போது நியூட்ரல். அணியம் தொடப்போகும் நேரத்தில் விசிறியைத் துறைப் பக்கம் திருப்பி, ரிவர்ஸில் ஒரு சின்னத் தள்ளல். வேகமும் நிற்கும், பின்பக்கமும் துறையோடு வந்து ஒட்டும். ஸ்டீயரிங் என்றால் துறையை நோக்கித் திருப்ப வேண்டும். கைப்பிடி என்றால் அது துறையை விட்டு விலகும் பக்கம் போக வேண்டும். இந்தத் தலைகீழ்க் கணக்கை நடுத் தண்ணீரில் ஒரு மிதவையைத் துறையாக வைத்துக்கொண்டு பழகுவது நல்லது. இடித்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை.

இப்போது அந்த நடுக்கயிறு. துறையில் உங்களுக்குக் கொஞ்சம் பின்னால் இருக்கும் கட்டையைச் சுற்றிக் கயிற்றைப் படகுக்கே திரும்பக் கொண்டுவந்து குட்டையாகக் கட்டுங்கள். இன்ஜினை முன்கியரில் ஐடிலில் விட்டு, துறையை விட்டு விலகுவதுபோலத் திருப்புங்கள், அதாவது கைப்பிடி துறைப் பக்கம். படகு முன்னே போகப் பார்க்கும், கயிறு விடாது. விசிறி பின்பக்கத்தைத் துறையோடு அழுத்தும். படகு அப்படியே ஒட்டிக்கொண்டு நிற்கும். இன்னொரு ஆள் செய்யும் வேலையை ஒரு கயிறும் ஐடில் வேகமும் செய்துவிடுகின்றன. சாவகாசமாகப் பின்கயிற்றைக் கட்டி, இன்ஜினை நிறுத்தி, அதன் பிறகு முன்னால் போங்கள். கியரில் ஓடும் படகை விட்டுத் துறையில் ஏறக்கூடாது.

தாவுவதும் கூடாது. அடி எடுத்து வைக்கிற தூரம் வரவில்லையென்றால் அணைப்பு சரியாக வரவில்லை என்று அர்த்தம், விலகிப்போய் மறுபடி வாருங்கள். படகு இடிக்கப் போகிறது என்றால் கையையோ காலையோ நடுவில் கொடுக்காதீர்கள். இடிபட்ட பிளாஸ்டிக்கை ஒட்டிக்கொள்ளலாம்.

துறையை விட்டுக் கிளம்ப முடியவில்லை, காற்று அழுத்திப் பிடிக்கிறது

லேசான படகு, மிதமான காற்று என்றால் பின்பக்கத்தைத் தள்ளிவிட்டு ரிவர்ஸில் வந்தால் போதும். முன்னோக்கித் திருப்பிக் கிளம்பப் பார்த்தால் வால் துறையை உரசிக்கொண்டே வரும்.

காற்று பலமாக இருந்தால், அணியத்திலிருந்து ஒரு கயிற்றைப் பின்னோக்கிக் கொண்டுபோய்த் துறைக் கட்டையைச் சுற்றி, மறுமுனையையும் படகிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அணியத்தில் ஃபெண்டர். மெதுவாக முன்கியர், துறையை நோக்கித் திருப்பல். அணியம் நகர முடியாது, வால் வெளியே போகும். 40 டிகிரி அளவுக்கு விலகியதும் நியூட்ரல், கயிற்றின் ஒரு முனையை விட்டு மறுமுனையை இழுத்து உள்ளே போடுங்கள், நேராக ரிவர்ஸ். விடும் முனையில் முடிச்சு இருக்கக்கூடாது. இரண்டு முனைகளும் நீங்கள் உட்காரும் இடம் வரை வர வேண்டும், இல்லையென்றால் கயிற்றை விடுவதற்காக முன்னால் ஓட வேண்டியிருக்கும், அந்த நேரத்தில் படகு திரும்பத் துறைக்கே வந்துவிடும்.

ரிவர்ஸ் போட்டால் மோட்டார் தண்ணீரைவிட்டு எழும்புகிறது

ரிவர்ஸ் பூட்டு விழவில்லை. மோட்டார் பக்கத்தில் ஒரு சின்ன லிவர் இருக்கும், ஆழமில்லாத இடத்தில் தூக்கி வைத்துவிட்டு மறந்திருப்போம். ரிவர்ஸை நம்பித் துறைக்குப் போவதற்கு முன் வெளியிலேயே ஒரு முறை சோதியுங்கள்.

இன்ஜின் அலறுகிறது, படகு நகரவில்லை

திருப்பத்திலோ அலையிலோ மட்டும் அலறினால் விசிறி காற்றை இழுக்கிறது. மோட்டார் உயரமாக மாட்டப்பட்டிருக்கும், அல்லது சாய்வு மிகவும் வெளியே இருக்கும். விசிறிக்கு மேலுள்ள தட்டையான தகடு படகின் அடிமட்டத்துக்கு ஏறக்குறைய நேராக இருக்க வேண்டும். 15 அங்குலத் தண்டுள்ள மோட்டாரை 20 அங்குல உயரப் பின்பலகையில் மாட்டினால் இந்தக் கோளாறு தீரவே தீராது.

எப்போதும் அலறுகிறதா? விசிறியைப் பிடித்திருக்கும் ஷியர் பின் உடைந்திருக்கும். எதையாவது இடித்தால் கியருக்குப் பதிலாக உடைவதற்கென்றே வைத்த பின் அது. உதிரிப் பின்னும் அதைக் கழற்றும் கருவியும் படகில் இருக்கட்டும். பின் இல்லாத மாடல்களில் விசிறியின் உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் வழுக்கும். மிக மெதுவாக ஓட்டினால் அது பெரும்பாலும் கரை வரை தாங்கும்.

நேர்மாறாக, நியூட்ரலில் நன்றாக ஓடி கியர் போட்டதும் இன்ஜின் பட்டென்று நின்றால் விசிறியில் கயிறோ வலையோ சுற்றியிருக்கிறது. இன்ஜினை அணைத்து, கில் கார்டைச் சுவிட்சிலிருந்து கழற்றிய பிறகு மோட்டாரைத் தூக்கிப் பாருங்கள்.

இன்ஜின் கிளம்பவில்லை, அல்லது சில நிமிடத்தில் நின்றுவிடுகிறது

கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டையை நோகடிப்பதற்கு முன் இந்த வரிசையில் பாருங்கள்: கில் கார்டு கிளிப் மாட்டியிருக்கிறதா, கியர் நியூட்ரலில் இருக்கிறதா, டேங்க் மூடியிலுள்ள காற்றுத் திருகு திறந்திருக்கிறதா, குழாய் இரண்டு முனையிலும் சரியாகப் பொருந்தியிருக்கிறதா. பிறகு எரிபொருள் குழாயில் இருக்கும் ரப்பர் உருண்டையை, அதாவது பம்ப் பல்பை, கெட்டியாகும் வரை அழுத்துங்கள், அதன் அம்புக்குறி இன்ஜினை நோக்கி இருக்க வேண்டும்.

சில நிமிடம் ஓடி நின்றால் பல்பைப் பாருங்கள். சப்பையாக ஒட்டிப்போயிருந்தால் காற்றுத் திருகு மூடியிருக்கிறது. பல்பு கெட்டியாகவே ஆகவில்லையென்றால் எங்கோ காற்று கசிகிறது, அல்லது டேங்க் காலி. பெட்ரோல் வாடை தூக்கலாக இருந்தால் கார்புரேட்டர் இன்ஜினில் எரிபொருள் நிரம்பிவிட்டது. சோக்கை உள்ளே தள்ளி, த்ராட்டிலைத் திறந்து சில முறை இழுங்கள். கிளம்பியதும் உடனே த்ராட்டிலைக் குறைக்க வேண்டும்.

இதையெல்லாம் பார்க்கும்போது படகு மிதந்துகொண்டே இருக்கும் என்பதை மறக்கக்கூடாது. பாறையோ படகுப் பாதையோ பக்கத்தில் இருந்தால் முதலில் நங்கூரம், பிறகுதான் இன்ஜின். துடுப்பு படகில் இல்லாமல் கிளம்பவே வேண்டாம். பெட்ரோல் கணக்கு: போக மூன்றில் ஒரு பங்கு, வர ஒரு பங்கு, கையிருப்பு ஒரு பங்கு.

இன்ஜின் ஓடுகிறது, ஆனால் பின்னால் பீய்ச்சும் சிறு நீர்த்தாரை வரவில்லை என்றால் அணைத்துவிடுங்கள். அது குளிர்விக்கும் தண்ணீர். துளையில் மெல்லிய கம்பியை விட்டுப் பாருங்கள், கீழே தண்ணீர் இழுக்கும் இடத்தில் பாசியோ பிளாஸ்டிக்கோ ஒட்டியிருக்கிறதா பாருங்கள். அப்படியும் வரவில்லையென்றால் பம்பின் ரப்பர் இம்பெல்லர் போயிருக்கும், தண்ணீர் நடுவில் அதைச் சரிசெய்ய முடியாது.

பின்பக்கத்திலிருந்து தண்ணீர் உள்ளே வருகிறது

வேகமாக வந்து சட்டென்று த்ராட்டிலை மூடியிருப்பீர்கள். உங்கள் படகு எழுப்பிய அலையே பின்னால் வந்து ஏறும். படிப்படியாகக் குறையுங்கள். காரணமே தெரியாமல் படகு கனத்து, அடியில் தண்ணீர் சேர்ந்துகொண்டிருந்தால் வடிகால் அடைப்பான் போட்டோமா என்று பாருங்கள்.

நங்கூரம் பிடிக்கவில்லை

கயிறு போதவில்லை. தண்ணீரின் ஆழத்தோடு அணியத்தின் உயரத்தையும் சேர்த்து, அதைப்போல் 5 முதல் 7 மடங்கு விட வேண்டும். நங்கூரத்தோடு சில மீட்டர் சங்கிலி இருந்தால் நன்றாகப் பிடிக்கும். பின்னால் உட்கார்ந்திருப்பவருக்குப் பின்னாலேயே கட்டிவிடலாமே என்று தோன்றும், செய்யாதீர்கள். நீரோட்டமும் அலையும் தாழ்ந்த பின்பலகை மேல் ஏறிப் படகை மூழ்கடிக்கும். கயிற்றை அணியத்தில் முன்கூட்டியே கட்டி, வெளிப்பக்கமாகப் பின்னால் கொண்டுவந்து வைத்துக்கொண்டால் உட்கார்ந்த இடத்திலிருந்தே நங்கூரத்தை இறக்கலாம், படகு தானே திரும்பி அணியத்தில் நிற்கும். இறக்கும்போது இன்ஜின் நியூட்ரலில் இருக்கட்டும்.

எதிரே வரும் படகு பெரிதாகிக்கொண்டே வருகிறது, ஆனால் இருக்கும் திசை மாறவில்லை

மோதும் பாதை. நேருக்கு நேர் என்றால் இருவரும் வலப்பக்கம் திரும்ப வேண்டும். குறுக்கே வரும் மோட்டார் படகு உங்கள் வலப்பக்கம் இருந்தால் வழிவிட வேண்டியது நீங்கள். 1972ஆம் ஆண்டின் சர்வதேச மோதல் தடுப்பு விதிகள் சொல்வது இது. எப்போதும் கண்காணித்துக்கொண்டிருக்க வேண்டும் என்ற அதே விதிகளின் கட்டளை தனி ஆளுக்கும் உண்டு. ஆகவே கயிறு சுருட்டுவது, பையைத் துழாவுவது எல்லாம் படகை நிறுத்தி, சுற்றிலும் பார்த்த பிறகு.

நீங்களே தண்ணீரில்

கில் கார்டு வேலை செய்து படகு நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நீந்திக் கரைக்குப் போகப் பார்க்காதீர்கள், படகைப் பிடித்துக்கொள்ளுங்கள். மனிதத் தலையைவிடப் படகு தூரத்திலிருந்து தெரியும். ஃபோனும் விசிலும் படகில் அல்ல, உங்கள் உடம்பில் இருக்க வேண்டும். கடலில் கை ரேடியோ இருந்தால் அவசர அழைப்புக்குச் சேனல் 16.

ஏறுவதுதான் சிக்கல். நனைந்த துணியோடு பக்கவாட்டில் கையால் தொங்கி ஏறப் பெரும்பாலானோரால் முடியாது. குளிர்ந்த தண்ணீரில் சில நிமிடங்களிலேயே விரல்கள் பிடி இழக்கும். பின்பலகையில் ஏணி இருந்தால் அது தண்ணீரிலிருந்தே இழுத்து இறக்கும்படி இருக்க வேண்டும். ஏணி இல்லாவிட்டால் பின்பலகை கிளீட்டில் ஒரு கயிற்றைக் கட்டி, தண்ணீருக்கு அடியில் முழங்கால் ஆழத்தில் தொங்கும் அளவுக்குப் பாதம் நுழையும் வளையம் போட்டு, கீழிருந்து எட்டும் இடத்தில் சுருட்டி வையுங்கள். வளையத்துக்கு மேல் கைப்பிடியாக இன்னொரு முடிச்சும் போடலாம். வெதுவெதுப்பான, ஆழமில்லாத தண்ணீரில், இன்ஜினை அணைத்து, உயிர்காப்புச் சட்டையோடு ஒரு முறை ஏறிப் பாருங்கள். ஏற முடியவில்லையென்றால் வளையத்தின் உயரத்தை மாற்றுங்கள், அப்புறம் மறுபடி ஏறுங்கள்.